200 நானோமீட்டருக்குக் கீழே: சூப்பர்-ரெசொல்யூஷன் நுண்ணோக்கியில் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத நுண்விவரங்களைக் காட்டும் சூப்பர்-ரெசொல்யூஷன் நுண்ணோக்கியைப் பயன்படுத்த விரும்பும் உயிரியல் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் "எந்தக் கருவியில் படம் எடுப்பது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை நானோமீட்டர் தொலைவை, எவ்வளவு பிழைக்குள் அளந்தால் உங்கள் உயிரியல் சிக்கல் தீரும்? அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, நெறியாளரிடம் காட்டி விவாதித்த பிறகு கருவியின் பக்கம் போவது நல்லது. முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டு வீணாகாமல் இருப்பதற்கு அந்த எண் பெரிதும் உதவும்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையை 1873-ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் அபே வகுத்துவிட்டார். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸ் ஒளியைச் சேகரிக்கும் திறனைக் குறிக்கும் எண்ணான நியூமெரிக்கல் அப்பர்ச்சரைப் போல இரு மடங்கால் வகுத்தால், இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே காணக்கூடிய மிகக் குறைந்த தொலைவு கிடைக்கும். 550 நானோமீட்டர் பச்சை ஒளியும் 1.4 அப்பர்ச்சர் கொண்ட எண்ணெய் லென்ஸும் இருந்தால் அத்தொலைவு ஏறத்தாழ 196 நானோமீட்டர். ஆழ அச்சில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 500 நானோமீட்டருக்கு மேல் போய்விடும். செல்லுக்குள் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. செல்லுக்கு எலும்புக்கூடு போல அமையும் நுண்குழலின் விட்டம் 25 நானோமீட்டர். நரம்புச் செல்லின் சினாப்டிக் பை சுமார் 40. உட்கருத் துளையின் வெளிவிட்டம் 120-ஐ ஒட்டியது.

எல்லைக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றுக்கும் மிக உயர்ந்த பகுதிறன் (நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) தேவைப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டில் ஷியாவ்வெய் ஜுவாங்கின் ஆய்வுக்குழு, நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானுக்குள் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் வளையங்களாக, ஏறத்தாழ 180 முதல் 190 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. பல பத்தாண்டுகளாக எத்தனையோ பேர் பார்த்த ஆக்ஸானில் அந்த ஒழுங்கு தென்படாமல் போனதற்குக் காரணம், அந்த இடைவெளி அபே எல்லைக்கு மயிரிழை கீழே இருந்ததுதான். அக்கண்டுபிடிப்பு ஸ்டார்ம் முறையில் வந்தது என்றாலும், பின்னர் ஸ்டெட் முறையில் உயிருள்ள செல்களிலேயே அந்த வளையங்களைப் பார்த்தார்கள் (இரு முறைகளையும் கீழே விளக்குகிறேன்). அதாவது, வளையங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்பவருக்கு 100 நானோமீட்டர் பகுதிறன் போதும். ஒரு வளையத்தில் எத்தனை இழைகள் என்று கேட்பவருக்கு 20 நானோமீட்டரும் போதாது. தாளில் எழுதும் எண் அந்த வேறுபாட்டைத்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

எண்ணிலிருந்து கருவிக்கு

லேசரால் புள்ளிபுள்ளியாக வருடி, குவியத்துக்கு வெளியே உள்ள ஒளியை விலக்கும் சாதாரணக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் நன்றாக எடுத்த படம் ஒன்று கையில் இல்லாதவர் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்னணி ஒளி மிகுந்தும், புரதங்களை ஒளிரச்செய்து காட்டும் சாயம் மங்கலாகவும் உள்ள மாதிரியை எந்த உயர்நிலைக் கருவியும் காப்பாற்றாது. அக்குறைகளைப் பெரிதாக்கித்தான் காட்டும்.

100 முதல் 120 நானோமீட்டர் போதும் என்றால், மாட்ஸ் குஸ்டாஃப்சன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிம் முறையே நல்ல தொடக்கம். கோடுகோடான ஒளியை மாதிரியின் மேல் மூன்று திசைகளில், ஒவ்வொரு திசையிலும் மூன்று நிலைகளில் பாய்ச்சி எடுத்த ஒன்பது படங்களிலிருந்து, இரு மடங்கு பகுதிறன் கொண்ட ஒரே படத்தைக் கணினி உருவாக்குகிறது. வழக்கமான சாயங்களே போதும், ஒளியின் அளவும் குறைவு, உயிருள்ள செல்களுக்கும் ஏற்றது. ஆனால் கணக்கீட்டில் தவறான அளவுருக்களைக் கொடுத்தால் தேன்கூடு வடிவச் சுவடுகள் படத்தில் தோன்றும். அனுபவமில்லாத கண் அவற்றை உண்மையான அமைப்பு என்றே எடுத்துக்கொள்ளும்.

30 முதல் 80 நானோமீட்டர் வரை வேண்டுமென்றால் ஸ்டெட். ஸ்டெஃபான் ஹெல்லும் யான் விக்மனும் 1994-இல் கோட்பாடாக முன்வைத்த இம்முறையில், கிளர்வூட்டும் லேசரைச் சுற்றி நடுவில் துளையுள்ள வளைய வடிவ லேசர் ஒன்று பாய்ந்து, வளையத்தின்மேல் இருக்கும் சாய மூலக்கூறுகளை ஒளிராமல் தடுத்துவிடுகிறது. மையத்தில் இருப்பவை மட்டும் ஒளிர்கின்றன. படம் உடனே திரையில் வருகிறது என்பது பெரிய வசதி. தடுக்கும் லேசரின் ஆற்றல் மிகுதி என்பதால் அட்டோ 647என் போன்ற உறுதியான சாயம் தேவை; கான்ஃபோக்கலுக்கு வாங்கிய சாயத்தையே இங்கும் போட்டுப் பார்ப்பவர்கள் ஓரிரு ஸ்கேனிலேயே எல்லாம் வெளுத்துப்போவதைக் காண்பார்கள்.

20 நானோமீட்டர் அளவிலான பகுதிறனுக்கு ஒற்றை மூலக்கூறு முறைகள் இருக்கின்றன. எரிக் பெட்சிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும் பாம் முறையையும், ஜுவாங் குழுவினர் ஸ்டார்ம் முறையையும், சாமுவேல் ஹெஸ் குழுவினர் எஃப்-பாம் முறையையும் 2006-ஆம் ஆண்டில், சில மாத இடைவெளிக்குள் வெளியிட்டனர். ஒரு நேரத்தில் ஒருசில மூலக்கூறுகளை மட்டும் ஒளிரவைத்து, ஒவ்வொன்றின் மையத்தையும் கணித்து, பல்லாயிரம் சட்டகங்களிலிருந்து படத்தைத் தொகுப்பது மூன்றுக்கும் பொது. டிஎன்ஏ-பெயிண்ட் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் சாயம் ஒட்டிய குட்டி டிஎன்ஏ இழைகள் வந்து ஒட்டி விலகுவதே ஒளிர்ந்து அணைவதாகத் தெரிகிறது.

எட்வர்ட் பாய்டனின் ஆய்வகம் 2015-இல் அறிவித்த எக்ஸ்பான்ஷன் முறையைப் புதியவர்கள் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். மாதிரியை வீங்கும் ஜெல்லில் பதித்து நான்கு மடங்கிற்குச் சற்று மேலே விரித்துவிட்டால், சாதாரண கான்ஃபோக்கலே 70 நானோமீட்டர் அளவுக்குக் காட்டும். விலையுயர்ந்த கருவி கிடைக்காத ஆய்வகத்துக்கு இதுவே முதல் பரிந்துரை. உயிருள்ள செல்லில் இயலாது என்பதும், விரிவு எல்லாத் திசையிலும் சீராக இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதன் கட்டுப்பாடுகள். சில நானோமீட்டர் வரை இறங்கும் மின்ஃப்ளக்ஸ் என்ற முறை வியக்கத்தக்கது. ஆனால் முதல் ஆண்டுத் திட்டத்தை அதன்மேல் கட்டுவது பொறுப்பான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

மாதிரியே பாதி ஆய்வு

இந்தத் துறையில் தோல்வியடையும் சோதனைகளில் பெரும்பாலானவை லேசரை ஏற்றுவதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன. ஃபார்மால்டிஹைடு மட்டும் கொண்டு நிலைநிறுத்திய செல்லில் பல சவ்வுப் புரதங்கள் முழுமையாக அசைவற்றுப் போவதில்லை. பிறகு, இலக்குப் புரதத்தில் ஒட்டிச் சாயத்தைச் சுமக்கும் ஆன்டிபாடியைச் சேர்க்கும்போது, இரு கைகளாலும் பிடிக்கும் அந்த ஆன்டிபாடியே அவற்றை ஒன்றுசேர்த்துச் செயற்கையான கொத்துகளை உண்டாக்கும். கான்ஃபோக்கலில் தெரியாத இந்தப் பிழை 20 நானோமீட்டரில் ஒரு கண்டுபிடிப்புபோல் தெரியும். குளுட்டரால்டிஹைடைச் சிறிதளவு சேர்ப்பது இதைக் குறைக்கிறது. அது உண்டாக்கும் தன்னொளிர்வைச் சோடியம் போரோஹைட்ரைடு தணிக்கிறது. ஆனால் குளுட்டரால்டிஹைடு சில ஆன்டிபாடிகள் ஒட்டும் இடத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதால் ஒவ்வொரு புரதத்துக்கும் தனியே சோதிக்க வேண்டும். ஒளிர்புரதம் இணைத்த செல்லை உயிரோடு ஒரு முறையும், அதே செல்லை நிலைநிறுத்திய பின் ஒரு முறையும் படமெடுத்து ஒப்பிடுவது எளிய, நம்பத்தகுந்த சோதனை.

அடுத்தது ஆன்டிபாடியின் பருமன். ஓர் ஆன்டிபாடி ஏறத்தாழ 10 நானோமீட்டர் நீளம்; முதன்மை ஆன்டிபாடியின்மேல் இரண்டாம் ஆன்டிபாடி ஏறினால், சாயம் இலக்கிலிருந்து 15 அல்லது 20 நானோமீட்டர் தள்ளி நிற்கும். 25 நானோமீட்டர் நுண்குழல் இப்படிச் சாயமிட்ட பிறகு 60 நானோமீட்டர் அளவுக்குப் பருத்துத் தெரிவதற்கு இதுவே காரணம். 5 நானோமீட்டர் துல்லியம் கொண்ட கருவியில் 20 நானோமீட்டர் தள்ளி நிற்கும் சாயத்தைப் படமெடுத்துவிட்டு, 5 நானோமீட்டர் என்று கட்டுரையில் எழுதுவது நேர்மையாகாது. நானோபாடிகள் எனப்படும் குட்டி ஆன்டிபாடித் துண்டுகள் 2 முதல் 4 நானோமீட்டர்தான் என்பதால், கிடைக்கும் இடங்களில் அவற்றையே தேர்ந்தெடுங்கள். மரபணுவில் நேரடியாக ஒட்டு ஒன்றை இணைத்து, அதில் சிறு சாயத்தைப் பொருத்தும் ஹேலோடேக், ஸ்னாப்டேக் முறைகளும் நல்லவை.

சாயத்தின் அடர்த்தியை மறப்பவர்கள் மிகப் பலர். 20 நானோமீட்டர் பகுதிறனை உரிமை கொண்டாட வேண்டுமானால், காண வேண்டிய மிகச் சிறிய அளவில் பாதி இடைவெளியிலாவது அளவிட வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதிப்படி 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது இருக்க வேண்டும். ஒரு சதுர மைக்ரோமீட்டர் பரப்புக்கு அது 10,000 சாயங்கள். இலக்குப் புரதமே அந்த அடர்த்தியில் இல்லாத இடத்தில், துல்லியம் எவ்வளவு உயர்ந்தாலும் அமைப்பின் வடிவம் படத்தில் வராது. சிதறிய புள்ளிகள் மட்டுமே வரும்.

கவர்ஸ்லிப் (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) 0.17 மில்லிமீட்டர் தடிப்பில், அத்தடிப்பில் வேறுபாடு குறைவு என்று உறுதிசெய்யப்பட்ட வகையாக இருக்கட்டும். ஆய்வுப் பொருளைக் கவர்ஸ்லிப்பின்மேலேயே வளருங்கள்; ஸ்லைடில் வளர்த்துவிட்டு மேலே மூட வேண்டாம். எண்ணெய் லென்ஸைக் கொண்டு நீர்மமான மாதிரிக்குள் சில மைக்ரோமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகாதீர்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, நீருடையது 1.33 என்பதால் ஆழம் கூடக்கூடப் புள்ளி சிதைந்துகொண்டே போகும்.

முதல் ஸ்டார்ம் அமர்வு

நுண்குழலில் தொடங்குங்கள். உங்கள் ஆய்வுக்கும் நுண்குழலுக்கும் தொடர்பில்லாவிட்டாலும் அதில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் விடை முன்பே தெரிந்த ஓர் அமைப்பில்தான் உங்கள் கையின் திறனை அளக்க முடியும். அலெக்சா 647 சாயமிட்ட மாதிரியை, சிஸ்டியமைன், குளுக்கோஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் ஆகியவை கொண்ட தாங்கற் கரைசலில் வையுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலந்து, அமிலத்தன்மை எண் (pH) 8-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து, காற்றுக் குமிழி இல்லாமல் மூடிவிடுங்கள். ஆக்சிஜனை அகற்றும் அந்த நொதி வினை குளுக்கோனிக் அமிலத்தை உண்டாக்குவதால், திறந்து வைத்த கரைசல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் புளித்து, சாயம் ஒளிர்ந்து அணையும் இயல்பு கெட்டுவிடும். காலையில் அழகாக வந்த படம் மதியத்தில் வராமல் போவதற்கு லேசரைக் குறைசொல்வதற்கு முன் கரைசலைச் சோதியுங்கள்.

குறைந்த ஒளியில் பார்க்கும்போது செல் முழுவதும் வலைப்பின்னலாக ஒளிரும். லேசரை உச்சத்துக்கு ஏற்றியதும் அந்த வலை சில நொடிகளில் மங்கி, திரை இருண்டு, அதன் பிறகு தனித்தனிப் புள்ளிகள் ஒளிர்ந்து அணையத் தொடங்கும். பதிவைத் தொடங்க வேண்டிய தருணம் அதுவே. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுமளவு நெருக்கமாக இருந்தால் பொறுத்திருங்கள். நெருக்கமாகப் பதிவான இரு மூலக்கூறுகளைக் கணினி நடுவில் உள்ள ஒற்றை மூலக்கூறாகக் கணித்து, இல்லாத இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும். இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் படம் தடித்துத் தெரிந்தால் பெரும்பாலும் இந்தப் பிழைதான். பதிவு முடிவதற்குள் மேடை நகர்ந்துவிடும் என்பதால், கருவியை முன்கூட்டியே இயக்கி வெப்பநிலை நிலைபெறவிட்டு, தங்க நானோதுகள்களைக் குறியீட்டுப் புள்ளிகளாக மாதிரியில் சேர்த்துவையுங்கள். 2048-க்கு 2048 படப்புள்ளி கொண்ட முழுச் சட்டகத்தில் 50,000 படங்கள் எடுத்தால் 400 ஜிபியைத் தாண்டும். 256-க்கு 256 பகுதியை மட்டும் எடுத்தால் ஏழு ஜிபிக்குள் அடங்கும். சேமிப்பிடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிவான படத்தில் நுண்குழல் ஒற்றைக் கோடாகத் தெரியாமல், ஏறத்தாழ 40 நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் இரு இணைகோடுகளாகத் தெரியும். நுண்குழல் உள்ளீடற்றது என்பதையும், ஆன்டிபாடிகள் அதன் புறத்தே மட்டும் ஒட்டியிருக்கின்றன என்பதையும் அந்த இரு கோடுகள் ஒருசேரச் சொல்கின்றன. அதை எட்டிய பிறகு உட்கருத் துளைக்குப் போங்கள். அத்துளையின் பகுதியான நப்96 என்ற புரதத்தில் ஒட்டு இணைத்த செல் வரிசைகள் 2019-ஆம் ஆண்டில் அளவுகோல்களாகவே வெளியிடப்பட்டன. ஒவ்வொரு துளையிலும் எட்டு மூலைகள், மொத்தம் 32 பிரதிகள், வளையத்தின் விட்டம் 107 நானோமீட்டர் என்பது தெரிந்திருப்பதால், எட்டில் எத்தனை மூலைகள் உங்கள் படத்தில் வருகின்றன என்று எண்ணினாலே சாயமிடும் திறனைக் கணக்கிட்டுவிடலாம்.

உங்கள் படத்தை நீங்களே குறுக்கு விசாரணை செய்யுங்கள்

பகுப்பாய்வுக்கு இலவச மென்பொருள்கள் ஏராளம்: ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் இயங்கும் தண்டர்ஸ்டார்ம், டிஎன்ஏ-பெயிண்ட்டுக்குப் பிக்காசோ, சிம் படங்களின் தரத்தைச் சோதிக்கச் சிம்செக், மறுகட்டமைத்த படம் மூலப் படத்தோடு எங்கே முரண்படுகிறது என்று வரைபடமாகக் காட்டும் ஸ்குவிரல். இவற்றைக் கற்பது கடினமன்று. தரும் எண்ணைச் சரியாகப் பொருள்கொள்வதே கடினம். ஒரு மூலக்கூறிலிருந்து 1,000 ஃபோட்டான்கள் கிடைத்தால், பின்னணி ஒளி இல்லாத நிலையில், 130 நானோமீட்டர் திட்ட விலக்கம் கொண்ட புள்ளியின் மையத்தை ஏறத்தாழ 4 நானோமீட்டர் துல்லியத்தில் கணிக்கலாம். அது இருப்பிடத் துல்லியம்தானே தவிரப் பகுதிறன் ஆகாது. சாயத்தின் அடர்த்தி, ஆன்டிபாடியின் நீளம், மேடையின் நகர்வு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்த பிறகு மிஞ்சுவதே பகுதிறன். தரவை இரண்டாகப் பிரித்து, இரு படங்களும் எவ்வளவு நுண்ணளவு வரை ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் ஃபூரியர் வளைய ஒப்புமை அதை மதிப்பிட உதவும். ஒரே சாயம் பல முறை ஒளிர்ந்தால் அந்த மதிப்பீடும் தேவைக்கு மேல் நன்றாக வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூலக்கூறுகள் பல முறை ஒளிர்வதுதான் இத்துறையின் மிகப் பழைய கண்ணி. தனியாக நிற்கும் ஒரே மூலக்கூறு பத்து முறை ஒளிர்ந்தால் பத்துப் புள்ளிகள் கொண்ட கொத்தாகத் தோன்றும். ஓய்வு நிலையில் உள்ள, நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் டி-செல்களின் ஏற்பிகள் கொத்தாக இருக்கின்றனவா, பரவலாக இருக்கின்றனவா என்ற நீண்ட விவாதத்துக்கு இந்த ஐயமும் ஒரு காரணம். எனவே, "என் புரதம் கொத்தாக இருக்கிறது" என்று எழுதுவதற்கு முன், அதே சாயமிட்ட ஆன்டிபாடியை வெறும் கண்ணாடியில் மிக ஐதாகத் தூவி, ஒற்றை ஆன்டிபாடி எத்தனை புள்ளிகளைத் தருகிறது என்று எண்ணுங்கள். தனித்தே இருப்பதாக நன்கு அறியப்பட்ட ஒரு புரதத்தையும் அதே நாளில், அதே அமைப்பில் படமெடுங்கள். இந்த இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகளும் இல்லாத கொத்துக் கட்டுரையை நம்ப நான் தயங்குவேன்.

இரு நிறப் படங்களுக்கு, பல நிறங்களில் ஒளிரும் நுண்மணிகளை அன்றைய அமர்விலேயே படமெடுத்து நிறப் பிறழ்ச்சியைத் திருத்துங்கள். திருத்தாவிட்டால் அப்பிழையே பல பத்து நானோமீட்டர்வரை போகும். அதைப் புரதங்களுக்கிடையிலான தொலைவாக எழுதிவிடும் அபாயம் உண்மையானது. நரம்பியல் வலையமைப்புகளைக் கொண்டு மங்கலான படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்களையும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். அவை தாம் முன்பு கற்ற படங்களின் சாயலில் விடுபட்டதை நிரப்புகின்றன. அளவீட்டை மூலத் தரவிலேயே செய்யுங்கள்.

ஆய்வு வாழ்வைத் திட்டமிடுதல்

தொடக்கத்திலேயே உங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ள வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது: கருவியை வளர்ப்பவரா, கருவியைக் கொண்டு உயிரியலை ஆராய்பவரா? இரண்டையும் ஒரே முனைவர் பட்டத்தில் முழுமையாகச் செய்ய முயல்பவர்கள் இரண்டிலும் பாதியில் நிற்பதுண்டு. முதல் வழிக்கு ஒளியியல், நிரலாக்கம், புள்ளியியல் வேண்டும். இரண்டாம் வழிக்கு உயிரியல் கேள்வியின் கூர்மையும், மாதிரி தயாரிப்பில் பொறுமையும் வேண்டும். மூன்றாவது வழியும் இருக்கிறது. பொது நுண்ணோக்கி மையங்களில் பணிபுரியும் படமெடுப்பு அறிவியலாளர் என்பது இன்று முழுமையான பணிவாழ்வு. பல ஆய்வுக்குழுக்களின் சிக்கல்களை ஒரே நேரத்தில் காணும் வாய்ப்பு வேறு எங்கும் அவ்வளவு எளிதில் அமையாது.

நேர்க்கோட்டில் போகாத பாதையைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஹெல் முனைவர் பட்டம் பெற்ற பின் நிலையான பதவியின்றி இருந்து, பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில்தான் ஸ்டெட் கோட்பாட்டை வெளியிட்டார். பெட்சிக் 1990-களின் நடுவில் பெல் ஆய்வகத்தை விட்டு விலகி, தந்தையின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தார். பிறகு ஹரால்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து, ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் முதல் பாம் கருவியைக் கட்டினார். ஹெல், பெட்சிக் ஆகிய இருவரும், ஒற்றை மூலக்கூறுகளை முதன்முதலில் ஒளியால் கண்டறிந்த வில்லியம் மோர்னரும் 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

நடைமுறையில், மையத்தின் பணியாளர்களிடம் மாதிரி தயாராவதற்கு முன்பே செல்லுங்கள். சாயம் வாங்கிய பிறகு வந்து "இது ஸ்டெட்டில் வேலை செய்யுமா?" என்று கேட்பவர், ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் பணமும் உழைப்பும் மிஞ்சியிருக்கும். அவர்கள் பரிசோதனையை வடிவமைக்கவோ தரவைப் பகுக்கவோ உதவினால் கட்டுரையில் இணையாசிரியர் இடம் அவர்களுக்கு உரியது. இதை வேலை தொடங்கும்போதே நெறியாளர் முன்னிலையில் பேசி முடியுங்கள். உங்கள் நிறுவனத்தில் கருவி இல்லையென்றால் வாய்ப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் உள்ள ஜனேலியா ஆய்வு வளாகத்தின் மேம்பட்ட படமெடுப்பு மையம், விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தேர்ந்தெடுத்து, தேர்வானவர்களைக் கட்டணமின்றிக் கருவிகளைப் பயன்படுத்த விடுகிறது.

கட்டுரையின் செய்முறைப் பகுதியில் லென்ஸின் வகை, லேசரின் அலைநீளமும் ஆற்றலும், சட்டக நேரம், சட்டகங்களின் எண்ணிக்கை, கரைசலின் கலவை, மென்பொருளின் பதிப்பு, வடிகட்டிய புள்ளிகளின் விழுக்காடு ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். மூலத் தரவைப் பயோஇமேஜ் ஆர்க்கைவ் போன்ற பொதுக் களஞ்சியத்தில் வையுங்கள். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) நேர்முகத்துக்குப் போகும்போது மிக அழகான படத்தோடு, அதே சோதனையில் சாயமிடாத மாதிரியின் படத்தையும், முதன்மை ஆன்டிபாடி சேர்க்காத மாதிரியின் படத்தையும், பகுதிறனை எப்படி அளந்தீர்கள் என்ற வரைபடத்தையும் கொண்டுசெல்லுங்கள். நல்ல குழுவின் தலைவர் அந்தப் பின்பக்கங்களைத்தான் முதலில் கேட்பார். நீங்களும் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கருவி நேரம் வாரத்துக்கு எத்தனை மணி உறுதியாகக் கிடைக்கும், தரவைச் சேமிக்கவும் பகுக்கவும் கணினி வசதி என்ன, முந்தைய மாணவர் எழுதிய நிரல்கள் யாரிடம் இருக்கின்றன.